காதுக்காரர் வாங்கிய கவர்னர்

பெட்டி வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியும் அவர் அதைப் பிரிக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில், யாரும் போடாத பழைய ஸ்வெட்டருக்குப் பின்னால், திருட்டுப் பொருளைப் பதுக்கியதுபோல வைத்திருந்தார்.

உள்ளே இருந்தது ஒரு கவர்னர். ரேடியோ ரிமோட்டால் பறக்கவிடும் பெட்ரோல் ஹெலிகாப்டரில், எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஹெலிகாப்டர் மேலே ஏறும்போது எஞ்சினுக்குச் சுமை கூடும், சுற்று குறையப் பார்க்கும். கவர்னர் உடனே எரிபொருளைத் திறந்துவிடும். இறங்கும்போது சுற்று எகிறப் பார்க்கும். கவர்னர் இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

இதை வாங்கியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவருக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மற்றவர்கள் எல்லாம் கவர்னர் மாட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. மாட்டமாட்டேன் என்று வீராப்பாக நின்றவர் இவர் ஒருவர்தான். "எனக்குத்தான் ரெண்டு கவர்னர் இருக்கே, தலைக்கு ரெண்டு பக்கமும்" என்று சொல்லிக் காது மடலைச் சுண்டிக் காட்டுவார். அவர் சுண்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே மேல் விசிறியின் சுற்றை ஐம்பதுகூடப் பிசகாமல் சொல்லிவிடுவார். கூடவே பறக்கவிட வரும் தையல்காரர் இரண்டு முறை மீட்டர் வைத்துச் சரிபார்த்துத் தோற்றுப்போயிருக்கிறார்.

வேலையிடத்திலும் அவருக்கு அதுதான் பெயர். காதுக்காரர். குளிர்பதனக் கிடங்கின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம். மூன்று டீசல் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஒரு மினி பஸ் அளவு. மின்சாரம் போனால் கிடங்கின் குளிர் இந்த மூன்றின் தலையில்தான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், வாசல் கேட்டில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். மூன்றாம் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை. மூன்றும் சேர்ந்து ஓடும்போது, அறுபது அடி தூரத்தில், இரண்டு சுவருக்கு வெளியே நின்றபடி அதைப் பிடித்தார். அன்று ஒட்டிய பெயர் பிறகு கழலவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது.

காதில் வைக்கும் ரப்பர் அடைப்பான்கள் அந்த அறையின் கதவருகே ஒரு டப்பா நிறைய இருக்கும். அவர் தொட்டதில்லை. "காதை மூடிக்கிட்டா அது பேசுறது எப்படிய்யா கேக்கும்?" என்பார். எஞ்சினும் இருபத்தாறு வருடம் பேசிக்கொண்டே இருந்தது. பேசிப் பேசியே அவர் காதைத் தின்றுவிட்டது.

முதலில் போனவை மெல்லிய சத்தங்கள். வாசல் மணி. கைப்பேசி அலாரம். ஜன்னல் ஓரத்துப் பறவைகள் எங்கோ வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன என்றே கொஞ்ச நாள் நினைத்தார். பிறகு பெண்களின் பேச்சில் பாதி. பிறகு, ஒருநாள் பிற்பகல், இரண்டாம் எஞ்சின் பக்கத்தில் நின்றபோது, அதன் இரைச்சல் கம்பளிப் போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அதற்கு மேல் ஒரு ரீங்காரம், இரவும் பகலும், யாரோ அணைக்க மறந்த குழல்விளக்குபோல.

அதன் பிறகு மூன்று வருடமாக அவர் இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று எஞ்சின் அறை வேலை. இன்னொன்று, கேட்பதுபோல இருக்கும் வேலை. இரண்டாவதுதான் ஆளை உரித்துப் போட்டது. யாராவது பேச வாயெடுத்தால் அவர்கள் உதட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் சிரிக்கும்போது அரை விநாடி பிந்தாமல் சிரிக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு "பாக்கலாம், பாக்கலாம்" என்று பொதுவாக ஒரு பதில் கைவசம் வைத்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தால், சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் விழுவார். ஐம்பத்துநாலு வயதில் உடம்பு இவ்வளவு சலிக்கக் காரணம் வயது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணே, ரெண்டாம் நம்பர் ஒரு மாதிரி முனகுது. கேளுங்களேன்," என்பான் அடுத்த பணிக்கு வரும் ஆள். குளிர் அறைகளுக்குள் போய்வர எப்போதும் கம்பளித் தொப்பி போட்டிருப்பதால் அவன் பெயரே கம்பளி. காதுக்காரர் தலையைச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். இடது கை, யதேச்சையாக வைத்ததுபோல, எஞ்சின் மூடியின் மேல் படிந்திருக்கும். கண்ணைத் திறக்கும் சாக்கில் பலகையில் உள்ள முள்ளைப் பார்த்துக்கொள்வார். முள் மேலும் கீழுமாக ஊஞ்சலாடும். உள்ளங்கையில் அதே தாளத்தில் அதிர்வு கூடிக் குறையும். "ஹண்டிங் அடிக்குது, சுத்து ஏறி ஏறி இறங்குது. கவர்னர் லிங்க்ல தேய்மானம். பாரு," என்பார். பார்த்தால் தேய்ந்திருக்கும்.

"காதுன்னா காதுதான் அண்ணே!" என்பான் கம்பளி. அதைக் கேட்கும்போது, அதாவது அவன் உதட்டில் அதைப் படிக்கும்போது, அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் களைத்துப்போகும்.

வேலையிடத்தில் கைகொடுக்க அதிர்வு இருந்தது. வானத்தில் பறக்கும் ஹெலிகாப்டரில் கையை வைக்க முடியாதே.

போன மாதம் மைதானத்தில் மானம் போகப் பார்த்தது. ஹெலிகாப்டரைச் செங்குத்தாக ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்று சரிந்துகொண்டே போனது, அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஹெலிகாப்டரை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தது ஓரக்கண்ணில் பட்ட பிறகுதான் எரிபொருளைக் கூட்டினார்.

"என்ன மாமா, எஞ்சின் ஒப்பாரி வைக்குது, நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறீங்க?" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதே பிழைப்பு.

"காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது மச்சான்," என்றார்.

"காத்தே இல்லையே மாமா."

அந்த வாரமே கவர்னருக்கு எழுதிப்போட்டார். ஆனால் பெட்டி வந்ததும் பிரிக்கக் கை வரவில்லை. பிரித்தால் உண்மை என்றாகிவிடும். அலமாரியில் கிடந்தால் வெறும் பெட்டி.

பிரிக்க வைத்தது ஒரு கடிதம். எஞ்சின் அறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் செவிப் பரிசோதனை. வண்டி திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முற்றத்துக்கே வரும். போன வருடம் அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின வருடம் அவசரமாக ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. இந்த முறை மேற்பார்வையாளர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நேருக்கு நேர் நின்று நிதானமாகச் சொன்னார்:

"இந்தத் தடவை காய்ச்சலையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. தேறலைன்னா ஸ்டோர்ல மேஜை போட்டுக் குடுத்துடுவாங்க. உங்களுக்கு என்ன, நீங்கதான் முதல் மார்க் வாங்கப்போறீங்க."

ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத அறை. அட்டைப்பெட்டிகளும் ரசீதும். ஓய்வுபெற ஆறு வருடம் இருந்தது. ஆறு வருடம் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டு, கம்பளி மாதிரி ஆட்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தணித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு. தணித்துப் பேசினால் கேட்கவும் கேட்காது.

முந்தைய பரிசோதனைக்குப் போய்வந்தவர்கள் சொன்னதைக் காதுக்காரர் கவனமாகச் சேகரித்து வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். காதில் மாட்டிய கருவியில் சத்தம் வரும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்தை அனுப்புகிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவள் விசையைத் தட்டும்போது வலது தோள் லேசாக அசையும். லேசாகத்தான். அவருக்கு அது போதும். மூன்று வருடப் பயிற்சி இருந்தது.

ஆக, திங்களுக்குத் தோள். ஞாயிறுக்குக் கவர்னர். இரண்டும் கைகொடுத்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடலாம்.

சனிக்கிழமை பிற்பகல் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து ஹெலிகாப்டரைத் தூக்கி வைத்தார். நாலரை அடி நீளம். வால் பக்கம் மேஜைக்கு வெளியே, குளிர்பெட்டிக் கதவைத் திறக்கவிடாமல் நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி சலவைக் கடையில் துணி வாங்கிக் கொடுக்கும் மேஜையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கச் சீட்டு எண்ணைக் கூவிக் கூவி அவள் குரல் தெருமுனை வரை போகும். வீட்டிலும் அப்படியே பேசுவாள். அது தொழில் பழக்கம் என்று அவர் சகித்துக்கொண்டிருந்தார். சொல்லப்போனால், அந்த வீட்டில் அவர் சிரமப்படாமல் கேட்ட ஒரே குரல் அதுதான்.

"ஸ்வெட்டருக்குப் பின்னாடி இருந்த சாமான் இதுதானா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அலமாரியைத் தூசி தட்டுறது நீங்களா, நானா? குடுங்க அந்தப் புத்தகத்தை. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. நான் படிக்கிறேன், நீங்க பண்ணுங்க."

அவள் எதிரே உட்கார்ந்து, முகம் அவருக்கு நேராகத் தெரியும்படி படித்தாள். அவர் பண்ணினார். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியில் பாசிப்பயறு அளவு ஒரு காந்தத்தைப் பதித்து ஒட்ட வேண்டும். அது சுற்றி வரும் பாதைக்கு எதிரே உணரியை, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், பிடிமானத்தோடு திருகி வைக்க வேண்டும். காந்தம் கடக்கும்போதெல்லாம் உணரி ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லும். முதலில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டினார்; காற்றாடியைக் கையால் சுற்றினால் கருவியின் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பிடுங்கித் திருப்பி ஒட்டினார். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் விளக்கு கண் சிமிட்டியது.

"சிமிட்டுது பாருங்க," என்றாள் மனைவி. அவளுக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்து, எரிபொருளைத் திறந்து மூடும் சின்னக் கையைக் கருவிக்குப் பழக்க வேண்டும். முழுக்க மூடி ஒரு பொத்தான். முழுக்கத் திறந்து ஒரு பொத்தான். நடு நிலையில் அந்தக் கை செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு பல் தள்ளி மாட்டினார். மறுபடி பார்த்தார். இந்த வேலைகளில் மட்டும் அவருக்குச் சலிப்பு தெரிவதில்லை. கையும் கண்ணும் போதும். யாரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

"இப்ப, எஞ்சின் எத்தனை சுத்து சுத்தினா மேல விசிறி ஒரு சுத்து சுத்தும்னு கேக்குது," என்று படித்தாள். "சின்னப் பல்சக்கரத்துல எத்தனை பல்லு, பெரிய சக்கரத்துல எத்தனை பல்லுன்னு எண்ணிப் போடணுமாம்."

"ஹெலிகாப்டர் புத்தகத்துல இருக்கு. சின்னது பதினாறு, பெருசு நூத்தியாறு. ஆறு புள்ளி ஆறு ரெண்டு." அட்டை கிழிந்த அந்தப் பழைய புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எண்ணிப் பாக்க வேண்டாமா?"

"செஞ்சவனே எழுதியிருக்கான். அதை எதுக்கு எண்ணணும்? எண்ணணும்னா எஞ்சினையே கழட்டணும்."

"சட்டைக் காலர்ல பருத்தின்னு சீட்டு தச்சிருந்தாலும் நாங்க தொட்டுப் பாத்துட்டுத்தான் தண்ணியில போடுவோம்."

"இது சட்டை இல்ல."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினாள். அவர் ஆறு புள்ளி ஆறு இரண்டு என்று கருவியில் ஏற்றினார். விசிறியின் சுற்று நிமிடத்துக்கு ஆயிரத்து ஐநூறு என்று வைத்தார். விசிறி இறக்கைகளின் உறையில் ஆயிரத்து அறுநூறைத் தாண்டாதே என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நூறு சுற்று இடைவெளி தாராளம். ரிமோட்டில் ஒரு விசையைக் கவர்னருக்கு ஒதுக்கினார். எல்லாம் முடிந்தபோது மணி ஐந்தரை. மேஜையிலேயே தலையைச் சாய்த்தார்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள் மனைவி. அவர் ஹெலிகாப்டர் பறக்கவிடத் தொடங்கிய பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை.

"நீ எதுக்கு அந்த வெயில்ல?"

"இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் படிச்சது நான். பறக்குதா இல்லையான்னு பாக்க வேண்டாமா?"

மைதானம் என்பது கைவிட்ட ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்துமிடம். சிமெண்ட் தரை, வெடிப்புகளில் புல். ஞாயிறு காலை ஏழரைக்கு மைத்துனனும் தையல்காரரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் மைத்துனன் கைகூப்பினான்.

"என்னக்கா, மாமாவை நம்பித் தனியா அனுப்ப முடியலையா?"

"உன்னை நம்பி அனுப்ப முடியலைடா."

அடுத்து அவன் பார்வை ஹெலிகாப்டரின் விலாவில் ஒட்டியிருந்த கருவியில் விழுந்தது. உடனே தையல்காரரை முழங்கையால் இடித்தான்.

"ஐயா, பாருங்க! சன்னியாசி கல்யாணம் பண்ணிக்கிட்டாரு!"

தையல்காரர் அருகே வந்து கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "சுத்தமாத்தான் மாட்டியிருக்கு. அப்ப அந்த ரெண்டு கவர்னரும் என்னாச்சு?" என்று தன் காது மடலைச் சுண்டினார்.

காதுக்காரர் அரை விநாடி பிந்தாமல் சிரித்தார். "அதுங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு விட்டிருக்கேன்."

எஞ்சின் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஹெலிகாப்டரை முப்பது அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ரிமோட்டின் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால், கம்பி வேலியை ஒட்டி நின்றார்கள். விசையைத் தட்டினார். விசிறி மெதுவாக வேகம் பிடித்தது, பிடித்து, ஒரு இடத்தில் வந்து நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. ஆணி அடித்ததுபோல. ஹண்டிங் அடித்தால் வால் உதறும். உதறவில்லை. தன்னையறியாமல் மூச்சை விட்டார். ஜெயித்தாகிவிட்டது.

ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து கிளப்பித் தலை உயரத்துக்கு மேலே நிறுத்தினார். அப்போதுதான் விரல்கள் ஏதோ சொல்லின.

அந்தரத்தில் நிற்க ரிமோட்டின் இடது குச்சியை விரலால் பாதிக்குக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டியிருக்கும். வருடக்கணக்காக அப்படித்தான். இன்று பாதிக்கு நன்றாகக் கீழேயே அது நின்றுவிட்டது. வலது விரலை அசைக்க நினைப்பதற்குள் வண்டி துள்ளியது. சாதுவான மாட்டை மாற்றி வேறு மாட்டைக் கட்டிவிட்டதுபோல. விசிறியின் வட்டத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட மெலிதாக, கண்ணாடிபோல, வானம் அதன் வழியே தெரிந்தது.

பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. பறக்கும் வண்டியிலிருந்து கண்ணை எடுத்தால் போச்சு. உதடுகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தன. யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். கத்திக்கொண்டுகூட இருக்கலாம். அவருக்கு எட்டியதெல்லாம் கம்பளிப் போர்வைக்கு அடியில் ஓர் இரைச்சல், அதன் மேல் அணைக்காத குழல்விளக்கு.

ஆயிரத்து ஐநூறு என்று அவரே ஏற்றியிருந்தார். கருவி பொய் சொல்லாது. ஆனால் விரல் பொய் சொன்னதுண்டா? சுற்று கூடினால் இறக்கையின் வேரில் இழுப்பு பல மடங்கு ஏறும். அந்த வேர் பிளந்தால் முழ நீள இறக்கை எறிந்த கத்தி மாதிரி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பது அடியில் அவர். நாற்பது அடியில், முதல் தடவையாக வெயிலில் வந்து நிற்கிற ஒருத்தி.

சத்தம் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டால் எல்லாம் முடிந்தது. கேட்காவிட்டால்?

"மச்சான்!" என்று கத்தினார், கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல். "சத்தம் எப்படி இருக்கு? எனக்குக் கேக்கலை. காது கேக்கலைடா எனக்கு. பக்கத்துல வந்து சொல்லு!"

யாரோ ஓடி வருவது சிமெண்டின் அதிர்வில் காலுக்குத் தெரிந்தது. மைத்துனன் அவர் முகத்துக்கும் வண்டிக்கும் நடுவே மறைக்காமல், பக்கவாட்டில் நின்று, கட்டைவிரலை மேலே நீட்டி நீட்டிக் காட்டினான். கூடுதல். ரொம்பக் கூடுதல். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினான். பயிற்சிப் பள்ளியில் பயந்த மாணவர்களுக்குப் பிரேக்கைக் காட்டும் அதே சைகை. இறக்குங்க, அவசரமில்ல, இறக்குங்க.

அவர் இறக்கினார். கால்கள் தரையைத் தொட்டதும் விசையைத் தட்டி அணைத்தார். விசிறி சுழன்று சுழன்று ஓயும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் யாராவது பேசினாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"மூணு பேரும் கத்தினோம் மாமா," என்றான் மைத்துனன், இப்போது நேருக்கு நேர் நின்று. "கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி கீச்சுன்னு சத்தம். ஆயிரத்து எழுநூறு இருக்கும்."

"ஆயிரத்து ஐநூறுதான் வச்சேன்."

தையல்காரர் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார். எஞ்சினைத் தளர்த்தி, சின்னப் பல்சக்கரம் வெளியே தெரியும்படி சாய்த்து, ஊசியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினெட்டு," என்றார்.

"புத்தகத்துல பதினாறு."

"புத்தகத்துல இருக்கும். வண்டியில பதினெட்டு."

மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ மாமா! அஞ்சு வருஷம் முன்னாடி பல்லு உடைஞ்சப்ப நான்தான் கடையில இருந்ததை வாங்கிட்டு வந்தேன். பதினாறு இல்ல, பதினெட்டுதான் இருக்குன்னான் கடைக்காரன். 'எதா இருந்தா என்ன, நான் சத்தத்துக்கு வச்சுக்கிறேன்'னு நீங்கதானே மாட்டினீங்க!"

நினைவு வந்தது. காதால் வைத்தவருக்குப் பல் கணக்கு தேவைப்படவில்லை. எஞ்சின் எத்தனை சுற்றினால் என்ன, விசிறியின் ஓசை சரியாக வந்து உட்காரும்வரை திருகினார், மறந்துபோனார். கருவியோ எஞ்சினை மட்டும்தான் எண்ணும். விசிறிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை இவர் சொன்ன கணக்கில்தான் நம்பும். இவர் சொன்ன கணக்கு தப்பு.

அவர் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்தார். இப்போது எல்லோரும் ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். தையல்காரர் பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் அவர் எதிரே குந்தினான்.

"எத்தனை நாளா மாமா?"

"மூணு வருஷம்."

"அப்ப மூணு வருஷமா நான் உங்களைத் திட்டினது எதுவுமே கேக்கலையா?"

"இல்ல."

"அடப்பாவமே. அத்தனையும் வீணா!"

தையல்காரர் முதலில் சிரித்தார். காதுக்காரர் அரை விநாடி பிந்தித்தான் சிரித்தார். பிந்தினால் என்ன என்றிருந்தது.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள்.

"நீயும் கேட்டியா, நான் கத்தினதை?" என்றார்.

"கேட்டேன். எனக்கு அது புதுசா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"கடையில சீட்டு எண்ணைச் சொல்ல மைக்கு வச்சு நாலு வருஷமாச்சுங்க," என்றாள். "அங்க நான் கத்துறதே இல்ல. வீட்டுக்கு வந்தாத்தான் கத்துறேன். பக்கத்து வீட்டுக்காரி, 'உங்களுக்குள்ள தினமும் சண்டையா'ன்னு கேக்குறா."

அவர் புட்டியை வாங்கி நிறையக் குடித்தார். பிறகு ரிமோட்டை மடியில் வைத்து, கருவியின் கணக்கைத் திருத்தினார். ஐந்து புள்ளி எட்டு ஒன்பது. மைத்துனன் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தான், தேவைக்கு மேல் வாயைத் திறந்து, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல. "அவ்வளவு வேண்டாம்டா," என்றார். தையல்காரர் எஞ்சினைத் திரும்ப முறுக்கி முடித்ததும், மறுபடி பறக்கவிட்டது மைத்துனன்தான். அவர் உட்கார்ந்தபடியே பார்த்தார். குச்சி பாதிக்கு மேல்தான் நிற்கிறது என்று அவன் சைகை காட்டினான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முற்றத்தில் பரிசோதனை வண்டி நின்றது. உள்ளே கண்ணாடிக் கூண்டு. நாற்காலி ஒன்று. வெள்ளை அங்கி போட்ட பெண் அவர் காதில் கருவியைப் பொருத்தி, கையில் பொத்தானைக் கொடுத்து, வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சொன்னது சரிதான். அவள் வலது தோள் அசைந்தது. லேசாகத்தான். அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரு சத்தம் வந்தது, அழுத்தினார். இன்னொன்று, அழுத்தினார். அதன் பிறகு வரவில்லை. ரீங்காரம் மட்டும். எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எந்த உதட்டையும், எந்த முள்ளையும். நாற்காலியில் முதுகு மெல்லச் சாய்ந்தது. மூன்று வருடத்தின் அசதி கழுத்திலிருந்து இறங்கி, தோளில் இறங்கி, கைக்கு வந்தது. பொத்தான் மடியில் உருண்டது.

யாரோ தோளைத் தொட்டு உலுக்கியபோதுதான் விழித்தார். வெள்ளை அங்கிப் பெண் குனிந்து நின்றாள். அவள் உதடு அசைந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றார். "எனக்குக் காது கேக்காது."

"பரிசோதனை எப்பவோ முடிஞ்சிடுச்சு சார்," என்றாள் அவள் சத்தமாக. "நீங்க நல்லாத் தூங்கிட்டீங்க. வெளிய ஆள் நிக்கிறாங்க."

அவள் கொடுத்த தாளில் இரண்டு கோடுகள், இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டும் பாதி வழியில் படிக்கட்டில் உருண்டதுபோலக் கீழே விழுந்திருந்தன. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். வண்டியின் வாசலில் கம்பளி வரிசையில் நின்றிருந்தான். ஏதோ கேட்டான். "முதல் மார்க்கா அண்ணே?" என்பதாக இருக்கலாம்.

"பாக்கலாம்" என்று வாய்வரை வந்தது. நிறுத்தினார். தாளைப் பிரித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் அறையை நோக்கி நடந்தார். வழியில் எஞ்சின் அறையின் கதவருகே அந்த டப்பா இருந்தது. இரண்டு ரப்பர் அடைப்பான்களை எடுத்தார். திரும்பி வந்து, தாளை இன்னும் படித்துக்கொண்டிருந்த கம்பளியின் சட்டைப்பையில் போட்டார்.